அறையில் நன்றாகக் கேட்கும் மிக்ஸ் காரில் ஏன் கெடுகிறது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரு சிறிய படுக்கையறை, இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு ஹெட்ஃபோன். பதிவு செய்த ட்ராக்குகளை ஒன்றாகக் கலந்து, அதாவது மிக்ஸ் செய்து, அறையில் கேட்டால் பாட்டு அருமையாக இருக்கிறது. அதையே காரில் போட்டால் பேஸ் குமுறுகிறது, குரல் அதற்குள் முங்கிவிடுகிறது. ஃபோனில் போட்டால் நேர்மாறாக பேஸையே காணோம். கையில் காசு அதிகம் இல்லை. எந்தப் ப்ளக்-இன் (பதிவு மென்பொருளுக்குள் ஒலியைத் திருத்தச் சேர்க்கும் துணைக் கருவி) வாங்கினால் சரியாகும்?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் காதும் கையும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேஸ் குறைவாகக் கேட்கிறது, குறைகிறதே என்று ஏற்றுகிறீர்கள். ஆனால் அந்தக் குறை பாட்டில் இல்லை, அறையில் இருக்கிறது. பாட்டு வெளியே போகும்போது அறை கூடவே போவதில்லை, நீங்கள் ஏற்றிய பேஸ் மட்டும் போகிறது. காரில் குமுறுவது அதுதான். எத்தனை ப்ளக்-இன் வாங்கினாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஸ்பீக்கரைக் கேட்டுத்தான் அவற்றைத் திருகப் போகிறீர்கள். அதனால் முதலில் கேட்பதைச் சரிசெய்வோம். அடுத்து பதிவு. மிக்ஸ் அப்புறம்.

அறைதான் காரணமா என்று இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் மென்பொருளில் இருக்கும் ஏதாவது ஒரு சிந்தசைசரில் சுத்தமான சைன் அலையை, அதாவது ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலியை, எடுத்துக்கொள்ளுங்கள். 55 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது பேஸ் கித்தாரின் ஏ தந்தியிலிருந்து, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இரண்டு ஆக்டேவ் மேலே ஏறுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே லெவலில் இருக்கட்டும். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரு ஸ்வரம் மேஜையை அதிர வைக்கும், இன்னொன்று கிட்டத்தட்ட காணாமலே போகும். காணாமல் போன ஸ்வரத்தை ஓடவிட்டுக்கொண்டே நாற்காலியை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள், எங்கிருந்தோ திரும்பி வரும். எந்தெந்த ஸ்வரம் எழும்புகிறது, எது அமுங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து மேஜையருகே ஒட்டிவையுங்கள். பணம் கொடுத்து வாங்கும் பல கருவிகளைவிட அந்தத் தாள் உபயோகமானது.

காரணம் எளிய கணக்கு. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைப் போல இரு மடங்கு நீளமுள்ள அலை மாட்டிக்கொண்டு நின்றுவிடும். 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அதன் அதிர்வெண் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 57 ஹெர்ட்ஸ், 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு, மும்மடங்கிலும் இதே தொல்லை தொடரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றுபோல இருக்கும் சதுரப் பெட்டி அறைதான் இருப்பதிலேயே மோசம், மூன்று தொல்லையும் ஒரே அதிர்வெண்ணில் வந்து சேர்ந்துகொள்ளும். நிற்கும் அலை சுவரோரத்திலும் மூலைகளிலும் பலமாகக் கேட்கும். அதன் முதல் அதிர்வெண் அறையின் நட்டநடுவில் செத்துப்போயிருக்கும். அறையின் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு பேஸ் ஏன் குறைகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதனால் நடுவிலும் உட்காரக் கூடாது, பின்சுவரில் முதுகை ஒட்டியும் உட்காரக் கூடாது. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீத தூரத்தில் தலை இருந்தால் நல்லது என்பது பலரும் தொடங்கும் இடம். 4 மீட்டர் அறையில் அது ஒன்றரை மீட்டர். இது வேதவாக்கு இல்லை. அந்த இடத்தில் தொடங்கி, சைன் அலையை ஓடவிட்டு, ஒரு சாண் முன்னே பின்னே நகர்ந்து, ஸ்வரங்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு குறைவாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள். அகலவாட்டில் மட்டும் நடுவில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடமும் வலமும் வேறு வேறாகக் கேட்கும். செவ்வக அறையென்றால் நீளவாட்டில் பார்த்து உட்காருங்கள்.

ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள தூரம் இன்னொரு பள்ளத்தைத் தோண்டும். பேஸ் முன்பக்கம் மட்டும் போவதில்லை, எல்லாத் திசையிலும் பரவுகிறது. பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, போய்வந்த தூரம் அலை நீளத்தில் பாதியாக இருந்தால் நேராக வந்ததை அடித்துவிடும். ஸ்பீக்கர் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸ் வாக்கில் பள்ளம் விழும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) பேஸும் குடியிருக்கும் இடமே அதுதான். அரை மீட்டரில் அது 171 ஹெர்ட்ஸ், 20 சென்டிமீட்டரில் 430 ஹெர்ட்ஸ் வாக்கில். ‘ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வை’ என்ற அறிவுரை பெரிய அறைக்குச் சரி. சிறிய அறையில் நான் நேரெதிராகச் சொல்வேன்: சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் மட்டும் ஒரு பத்து சென்டிமீட்டர் விடுங்கள். பள்ளம் மேலே ஏறிவிடும், அங்கே அதைப் பஞ்சு வைத்தே அடக்கலாம். சுவருக்கு அருகில் வைப்பதால் ஒட்டுமொத்த பேஸ் கொஞ்சம் கூடும். அதைக் குறைக்கத்தான் பல மானிட்டர்களின் முதுகில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தொட்டதே இல்லை.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணம். பக்கம் ஒரு மீட்டர் இருந்தால் போதும். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்கட்டும். மேஜைமேல் படுக்கவைத்தது போல வைத்திருந்தால் அடியில் எதையாவது கொடுத்துத் தூக்குங்கள். அடுத்து, நண்பர் ஒருவரைப் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியிலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் அதில் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது. பக்கச் சுவர் இரண்டிலும், முடிந்தால் கூரையிலும் அந்த இடங்களை மூட வேண்டும்.

எதை வைத்து மூடுவது என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். முட்டை அட்டையால் ஒரு பயனும் இல்லை. ஒரு அங்குல முக்கோண நுரை ஷீட் உச்ச ஒலியை மட்டும் தின்னும். அறை முழுக்க அதை ஒட்டினால் மேலே செத்து, கீழே அப்படியே குமுறிக்கொண்டிருக்கும் ஓர் அறை கிடைக்கும். ஒட்டாமல் இருந்ததே தேவலை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். அதை ஒரு அங்குல நுரை எப்படித் தடுக்கும்? தேவையானது தடிமன். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையை மரச் சட்டத்தில் பொருத்தி, காற்று புகும் துணியால் மூடி, சுவருக்கும் அதற்கும் நடுவே இன்னொரு 10 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு மாட்டினால் அது உருப்படியாக வேலை செய்யும். அந்த வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கும் தடிமன். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு சாதாரணமாக இருக்காது. நான்கு பலகை செய்ய முடிந்தால் இரண்டைப் பக்கச் சுவர்களிலும், மீதி இரண்டை ஸ்பீக்கர் பக்கத்து மூலைகளில் குறுக்காகவும் வையுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பது, மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைப்பது எல்லாம் தற்காலிகமாக உதவும். இவை எதுவும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அது வேறு வேலை, வேறு செலவு.

அளந்து பார்க்க ஆசையிருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், அளவு மைக் (ஒலியை அளப்பதற்கென்றே செய்த மைக்) ஒன்று மட்டும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: வரைபடத்தில் தெரியும் பள்ளத்தை ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) போட்டு நிரப்பப் பார்க்காதீர்கள். அங்கே நேரொலியும் எதிரொலியும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. நீங்கள் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும், ஸ்பீக்கர்தான் திணறும். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்துக்கு இடம் மாற்றுவதுதான் வைத்தியம்.

இவ்வளவும் செய்தாலும் சிறிய அறையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழு நம்பிக்கை வராது. அங்கேதான் ஹெட்ஃபோன் கைகொடுக்கிறது. ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்யவே கூடாது என்பவர்களிடம் நல்ல அறை இருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. பின்பக்கம் திறந்த வகை ஹெட்ஃபோன் மிக்ஸுக்கு ஏற்றது. மூடிய வகை பாடும்போது போட்டுக்கொள்ள, ஏனென்றால் திறந்ததில் தாளத்துக்காக ஓடும் க்ளிக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். கிக்கும் பேஸும் சேரும் விதம், மூச்சுச் சத்தம், எடிட் செய்த இடத்தில் வரும் டிக் சத்தம் ஆகியவற்றை ஹெட்ஃபோனில் தீர்மானியுங்கள். குரலின் லெவல், இட வல அகலம், ரிவர்பின் (சேர்க்கும் செயற்கை எதிரொலி) அளவு ஆகியவற்றை ஸ்பீக்கரில் தீர்மானியுங்கள். ஹெட்ஃபோனில் இடது காதுக்கு இடது சேனல் மட்டும் போவதால் எல்லாம் அகலமாகத் தோன்றும், குரல் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் உண்மையில் இருப்பதைவிட உரக்கக் கேட்கும். உங்கள் குரல் காரில் முங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சத்த அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்த விஷயம்: சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை வேகமாக இழக்கிறது, சத்தம் ஏற ஏற பேஸ் தானாகப் பெருகுவதுபோல் தோன்றும். இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸை அள்ளிக் கொட்டுவீர்கள், பகலில் அலறவிட்டு மிக்ஸ் செய்தால் அதைக் குறைத்துவிடுவீர்கள். அதனால் ஒரு அளவைத் தேர்ந்து அதிலேயே பழகுங்கள். சிறிய அறைக்கு 75 டெசிபல் வாக்கில் சரியாக இருக்கும், ஃபோனில் இருக்கும் டெசிபல் ஆப் தோராயத்துக்குப் போதும். இன்டர்ஃபேஸின் வால்யூம் குமிழில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அவ்வப்போது மட்டும், பக்கத்தில் பேசுபவர் குரலே மேலோங்கும் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் பாட்டின் வரிகள் புரிந்தால் குரலின் லெவல் சரி. 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது காதுப் பாதுகாப்புக் கணக்கு. காதைக் கெடுத்துக்கொண்டால் மாற்று வாங்க முடியாது.

உங்களுடைய பாட்டின் சாயலில், நீங்கள் நூறு இடத்தில் கேட்டுப் பழகிய வெளியீடு ஒன்றை அதே புராஜெக்டில் ஒரு ட்ராக்காகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி மெருகு) முடிந்தது என்பதால் உரக்க இருக்கும். உங்களுடையதோடு காதுக்குச் சமமாகும்வரை அதைக் குறையுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் ஒப்பீடே இல்லை. உரக்க இருப்பதுதான் அழகாக இருக்கிறது என்று காது எப்போதும் பொய் சொல்லும். சமமாக்கியபின் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி: அதில் கிக் குரலைவிட எவ்வளவு கீழே இருக்கிறது, என்னுடையதில் எவ்வளவு? அடுத்த முறை பேஸ். அறை பொய் சொன்னாலும் இரண்டு பாட்டுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். ராக்வூல் வாங்கக் காசு இல்லாத நிலையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இனி பதிவு. மிக்ஸில் மணிக்கணக்கில் போராடும் பிரச்சினைகளில் பாதி, மைக்கை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் வந்தே இருக்காது. பாடகருக்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் ஒரு பாப் ஃபில்டர் (‘ப’ போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் வலை). தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். எனவே மோசமான அறைக்கு முதல் மருந்து நெருக்கம். ரொம்ப நெருங்கினால் கார்டியாய்டு மைக்கில் (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் வகை) குரலின் அடி ஒலி வீங்கும், அதைப் பிறகு ஈக்யூவில் குறைத்துவிடலாம். அறை எதிரொலியை ஈக்யூவில் எடுக்கவே முடியாது.

மைக்குக்குப் பின்னால் மாட்டும் அரைவட்ட நுரைக் கவசம் நன்றாக விற்கிறது. ஆனால் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் ஏற்கெனவே காது கேட்காது. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும், பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். ஆகவே கனமான போர்வை இரண்டைப் பாடகருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், கவசத்தைவிட அது அதிகம் உதவும். அந்தக் கேட்காத பின்பக்கத்தைக் கணினி விசிறியை நோக்கித் திருப்பிவிட்டால் இரைச்சலும் குறையும். ‘டைனமிக் மைக் அறையின் எதிரொலியை உள்வாங்காது’ என்பது பாதி உண்மை. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளை நாம் உதட்டருகே வைத்துப் பயன்படுத்துவதால்தான் அறை கேட்பதில்லை. கண்டென்சரையும் நெருங்கிப் பாடினால் பெரும்பாலும் அதே பலன் கிடைக்கும்.

லெவலை 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் வாக்கில் வரும்படி வையுங்கள். சிவப்பைத் தொடும்வரை ஏற்றுவது பழைய காலத்துப் பழக்கம். 24 பிட்டின் கோட்பாட்டளவிலான வீச்சு 144 டெசிபல், 16 பிட்டுக்கு 96. இரைச்சல் தளம் எங்கோ பாதாளத்தில் இருக்கிறது, பயப்பட வேண்டாம். பாடும்போது சொந்தக் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் பாட்டு தடுமாறும். பதிவின்போது பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டின் அளவு) 128 அல்லது 64 சாம்பிளாகக் குறையுங்கள், அல்லது இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

கித்தாருக்குப் புதுத் தந்தி, ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனிங். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

மிக்ஸை ப்ளக்-இன் ஒன்றுகூட இல்லாமல் தொடங்குங்கள். எல்லா ஃபேடரையும் (ஒவ்வொரு ட்ராக்கின் லெவலை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) கீழே இறக்கி, எல்லாம் வந்து சேரும் மாஸ்டர் சேனலை மோனோவாக்கி (இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி), குரலை முதலில் ஏற்றுங்கள். அப்புறம் கிக், ஸ்னேர், பேஸ், மற்றவை. பாட்டு கேட்கும்படியாக வரும்வரை ஃபேடரை மட்டும் தொடுங்கள். மோனோவில் எல்லாம் ஒரே புள்ளியில் அடைந்துகொள்வதால் எது எதை மூடுகிறது என்று உடனே தெரியும். அதை இடது வலமாகப் பிரித்து ஒளித்துவிடும் சுகம் அங்கே கிடையாது. மோனோவிலேயே எல்லாம் தெளிவாகிவிட்டால், ஸ்டீரியோவுக்குத் திரும்பும்போது கிடைக்கும் விரிவு முழுக்க லாபம். ஃபோனும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் பல நேரம் மோனோவுக்கு மிக அருகில்தான் ஒலிக்கின்றன.

ஈக்யூவில் முதல் வேலை குறைப்பது. குரலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். மைக் ஸ்டாண்டின் அதிர்வும் தெரு இரைச்சலும்தான் அங்கே இருக்கும். கித்தார், கீபோர்டுக்கு இன்னும் மேலே போகலாம். வெட்டும் புள்ளியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், ஒலி மெலிவது தெரிந்ததும் கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். வீட்டு மிக்ஸ்களின் மந்தத்தன்மை பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் சேர்ந்த குப்பை. ஒவ்வொரு ட்ராக்கும் தனியாகக் கேட்டால் அங்கே வெதுவெதுப்பாக, இனிமையாகத்தான் இருக்கும். எட்டு ட்ராக் சேரும்போது சேறாகிவிடும். எது அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்றை முடிவு செய்து, மற்றவற்றில் இரண்டு மூன்று டெசிபல் எடுங்கள். சோலோ பொத்தானை அழுத்திக்கொண்டு ஈக்யூ செய்யாதீர்கள். தனியாக அழகாக இருக்கும் கித்தார் யாருக்கும் தேவையில்லை, கேட்பவர் அதைத் தனியாகக் கேட்கப் போவதே இல்லை.

கிக்குக்கும் பேஸுக்கும் நடுவே யார் கீழே, யார் மேலே என்று ஒரு பஞ்சாயத்து தேவை. கிக் 60 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் பேஸ் 90, 100 வாக்கில் பேசட்டும், இல்லாவிட்டால் மாற்றி. இருவருக்கும் 60 வேண்டும் என்றால் உங்கள் கார் சொல்வதுதான் நடக்கும். சைன் அலைச் சோதனையில் குறித்துவைத்த தாளை இங்கே எடுங்கள். உங்கள் நாற்காலியில் அமுங்கும் ஸ்வரத்தில் பேஸ் குறைவாகக் கேட்டால் ஏற்றாமல், ஹெட்ஃபோனில் சரிபாருங்கள்.

ஃபோனில் பேஸ் காணாமல் போவது வேறு கதை. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் வராது, கார்தான் அதிரும். ஆனால் நம் காதுக்கு ஒரு விசித்திரமான திறமை உண்டு. 55 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் 220, 275, 330 ஹெர்ட்ஸ் மேல் ஒலிகள் மட்டும் கேட்டாலும், இல்லாத 55-ஐ மூளை தானே ஊகித்து ‘இது அந்த ஸ்வரம்’ என்று கண்டுகொள்ளும். எனவே பேஸ் ட்ராக்கில் மெல்லிய சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்கும் ப்ளக்-இன்) போட்டு அந்த மேல் ஒலிகளை உண்டாக்குங்கள். இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ட்ராக்கை இரண்டாகப் பிரதியெடுத்து, பிரதியில் 200-க்குக் கீழே வெட்டிவிட்டு, அதை மட்டும் நன்றாகக் கரகரக்கவிட்டு அடியில் கொஞ்சமாகக் கலக்கலாம். அசல் பேஸை ஒரு டெசிபல் குறைக்கக்கூட முடியும். காரிலும் ஃபோனிலும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் பேஸ் இப்படித்தான் வருகிறது.

குரலுக்குக் கம்ப்ரசரை (உரத்த இடங்களைத் தானாகக் குறைக்கும் கருவி) மாட்டுவதற்கு முன், அலை வடிவத்தைப் பார்த்து அலறும் சொற்களைக் குறைத்து, விழுங்கிய சொற்களைக் கையாலேயே ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வீட்டு மிக்ஸுக்கும் தொழில்முறை மிக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தச் சலிப்பில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதன்பின் கம்ப்ரசருக்கு வேலை குறைவு: குறைக்கும் விகிதம் 3:1 அல்லது 4:1, குறைப்பைக் காட்டும் முள் 3 முதல் 6 டெசிபல் ஆடினால் போதும். அட்டாக்கை (கம்ப்ரசர் வேலையைத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 மில்லி விநாடிக்கு மேல் வைத்தால் மெய்யெழுத்துகளின் முனை உடையாமல் வெளியே வரும். ஒரு கம்ப்ரசரைப் பிழிவதைவிட இரண்டை மெதுவாக அடுத்தடுத்துப் போடுவது இயல்பாக இருக்கும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் ‘ஸ’ ஒலி குத்தினால், அதை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர். எந்தப் ப்ளக்-இன்னைப் போட்டாலும் அதன் வெளியீட்டு லெவலை, போடுவதற்கு முந்தைய லெவலோடு சமமாக்கிவிட்டு அணைத்தும் போட்டும் பாருங்கள். பாதி ப்ளக்-இன்கள் அந்த நிமிடமே வேலை இழக்கும்.

ரிவர்பை ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போடாமல், ஒரு சென்ட் (பல ட்ராக்குகள் பகிரும் பொதுப் பாதை) வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். எல்லாக் கருவியும் ஒரே இடத்தில் வாசித்ததுபோல் சேர்ந்துகொள்ளும். ரிவர்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ: 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டு. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ வழக்கமாகப் பிரபலமான முறை இது, இன்றைக்கும் சேற்றைத் தடுக்கிறது. ப்ரீ-டிலேயை (ரிவர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி விநாடி வைத்தால் சொல் முதலில் தெளிவாக விழுந்து, அப்புறம் அதன் வால் தொடங்கும். பதிவிலேயே உங்கள் அறையின் எதிரொலி ஏறியிருந்தால் நீண்ட ரிவர்ப் அதன்மேல் ஒட்டாது. அப்போது ஒரு குறுகிய டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பச் சொல்வது) போதும்.

அகலம் வேண்டும் என்று கித்தார் ட்ராக்கைப் பிரதியெடுத்து, சில மில்லி விநாடி தள்ளி, இரண்டு ஓரத்தில் வைப்பதை விட்டுவிடுங்கள். மோனோவில் அது உள்ளீடற்ற குழாய் ஒலியாகிவிடும். இரண்டு முறை வாசித்துப் பதிவு செய்து ஆளுக்கொரு பக்கம் வையுங்கள். செலவு இல்லை, ஒலியும் உண்மையாக இருக்கும்.

மாஸ்டரில் லிமிட்டரை (உச்சங்களை ஓர் எல்லைக்குமேல் போகவிடாத கருவி) போட்டுச் சத்தத்தை ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்குப் பாட்டுகளைச் சமப்படுத்துகிறது, அதைவிட உரக்கக் கொடுத்தால் குறைத்தே ஒலிக்கவிடும். நசுக்கி ஏற்றியதில் மிச்சமிருப்பது நசுக்கல் மட்டும்தான். அதற்காக 14 என்ற எண்ணைக் கும்பிடவும் தேவையில்லை, பாட்டின் இயல்புக்கு 11 பொருந்தினால் 11-இல் விடுங்கள். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மட்டும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாறும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும். அளக்க யூலீன் லவுட்னஸ் மீட்டர், அலைக்கற்றையைப் பார்க்க வாக்ஸெங்கோ ஸ்பான், ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா, மூன்றுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. உங்கள் மென்பொருளுடன் வந்த ஈக்யூவும் கம்ப்ரசருமே இதற்கெல்லாம் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரில் கேட்டுவிட்டு ஓடி வந்து உடனே ஃபேடரைத் தொடாதீர்கள். கார், ஃபோன், ஒரு சாதாரண இயர்ஃபோன் மூன்றிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் வரும் புகாரை மட்டும் திருத்துங்கள். காரில் மட்டும் வரும் புகார் காருடையதாக இருக்கலாம், அதற்கும் உள்ளே ஓர் அறை இருக்கிறது.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் எதற்குச் செலவழிப்பது? முதலில் ராக்வூலும் மரச் சட்டமும். அடுத்து பின்பக்கம் திறந்த ஒரு நல்ல ஹெட்ஃபோன். மூன்றாவதாக அளவு மைக். விலை உயர்ந்த கண்டென்சர், ப்ரீஆம்ப் எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். சப்-ஊஃபரை (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) மட்டும் வாங்காதீர்கள். இப்போது 55 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் அறைத் தொல்லை, அது வந்ததும் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 5 அங்குல ஸ்பீக்கர் அந்தப் பகுதியை எழுப்ப முடியாமல் இருப்பது, உங்கள் அளவு அறையில், அதன் நல்ல குணம்.